கொழும்பிலிருந்து அல்கொன்குயின் ஏரிகளுக்கு: முதல் வள்ளப் பயணத்தையும் மீன்பிடியையும் திட்டமிடுதல்

கோடை காலத்தில் ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் உள்ள உறவினர் வீடுகளுக்குச் செல்லும் கொழும்புக் குடும்பங்களின் பயண நிரலில் நயாகரா நீர்வீழ்ச்சி தவறாமல் இடம்பெறும். அங்கேயே வளர்ந்த பெறாமகன் ஒருவர், "இந்தமுறை காட்டுக்குள் வள்ளத்தில் போய் மூன்று இரவு தங்கி மீன் பிடிப்போம், சித்தப்பா" என்று தொலைபேசியில் அழைக்கும்போது, நுவரெலியாவுக்கு வான் பிடித்துப் போவதைப் போன்ற ஒன்றாகவே அதை எண்ணிப் பலரும் உடனே சம்மதித்துவிடுகிறார்கள். அது அப்படிப்பட்ட பயணம் அன்று. வீதி இல்லை, கடை இல்லை, பெரும்பாலான இடங்களில் தொலைபேசிச் சமிக்ஞையும் இல்லை. ஆயினும் முறையாகத் திட்டமிட்டால், நடுத்தர உடல்நலம் உள்ள எவரும் செய்யக்கூடிய பயணமே அது. திட்டமிடலின் பெரும்பகுதியைக் கொழும்பில் இருந்தபடியே செய்துவிடலாம் என்பதால், முதன்முறை செல்வோருக்காக அதை ஒழுங்குமுறையாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மவர்கள் இப்பயணத்தைப் பற்றி முதலில் கேட்கும் கேள்வி கரடியைப் பற்றியதாகவே இருக்கும். உண்மையில் அஞ்ச வேண்டியது குளிர்ந்த நீருக்கு. கொழும்புக் கரையில் கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது; அந்த நீரில் நீந்திப் பழகிய உடம்புக்கு, வடக்கத்திய ஏரி வேனிற்காலத் தொடக்கத்தில் என்ன செய்யும் என்று ஊகிக்கக்கூட முடியாது. எந்த மாதத்தில் போவது, எந்த ஏரியைத் தெரிவு செய்வது, எந்த மீனைத் தேடுவது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது.

இடம்

ஒன்ராறியோ மாகாணத்தின் அல்கொன்குயின் மாகாணப் பூங்கா 1893இல் நிறுவப்பட்டது. அதன் பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கும் சற்று அதிகம். கொழும்பு மாவட்டத்தைப் போலப் பதினொரு மடங்கு என்று கொள்ளலாம். அதற்குள் 2,400க்கும் மேற்பட்ட ஏரிகளும், ஏரிக்கு ஏரி இணைந்து செல்லும் 2,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வள்ளப் பாதைகளும் உள்ளன. ரொறன்ரோவிலிருந்து மேற்கு வாயிலுக்குக் காரில் மூன்று மணி நேரம் போதும். 60ஆம் இலக்க நெடுஞ்சாலை பூங்காவின் தென்பகுதியை ஊடறுத்துச் செல்கிறது. அச்சாலையிலிருந்து பிரியும் நுழைமுகங்களில் காரை நிறுத்திவிட்டு வள்ளத்தில் ஏறினால் அதற்கப்பால் துடுப்பும் தோளுமே துணை. கனடாவில் இதைவிடத் தொலைவான, இதைவிட ஆளரவமற்ற வனங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் முதற்பயணத்துக்கு, உதவி ஒரு நாள் தூரத்துக்குள் இருக்கும் இடமே பொருத்தமானது.

எந்த மாதம்

தூண்டிற்காரர்களைக் கேட்டால் தயங்காமல் மே மாதம் என்பார்கள். ஏரிகளின் மேற்பரப்புப் பனிக்கட்டி வழக்கமாக ஏப்ரல் பிற்பகுதிக்கும் மே முற்பகுதிக்கும் இடையில் உருகுகிறது. அதன்பின் சில வாரங்களுக்கு லேக் ட்ரவுட், புரூக் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன்கள் மேற்பரப்புக்கு அருகிலேயே இரை தேடுவதால், ஆழமறியாத புதியவருக்கும் அவை அகப்படும். ஆனால் அதே வாரங்களில்தான் நீர் சில பாகை வெப்பத்தில் மட்டுமே இருக்கிறது. குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்ந்த மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் அதனை ஒன்று, பத்து, ஒன்று என மூன்று எண்களில் சொல்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அதைக் கட்டுப்படுத்துவதே அந்நிமிடத்தின் வேலை. அடுத்த பத்து நிமிடங்கள் மட்டுமே கைகால்கள் சொற்படி கேட்கும். உடல்வெப்பம் குறைந்து நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நீரில் விழுவோர் பலர் உடல் உறைவதற்கு முன்னரே மூழ்கிவிடுவது, முதல் நிமிடத்தில் நீரை உள்ளிழுப்பதாலோ பத்து நிமிடங்களின் பின் நீந்த முடியாமற் போவதாலோதான். நன்றாக நீந்தத் தெரியும் என்பது அங்கே பெரிய காப்பீடு அன்று.

இதற்கு மேலாக, மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதிவரை கரும் ஈக்களும், ஜூன், ஜூலை மாதங்களில் நுளம்புகளும் ஆட்சி செய்கின்றன. நுளம்புக்கு நாம் பழகியவர்கள்தான். கரும் ஈக்கு எவரும் பழகுவதில்லை. காதுமடலின் பின்னாலும் காற்சட்டை விளிம்புக்குள்ளும் புகுந்து இரத்தம் கசியக் கடிக்கும் அந்தப் பூச்சி, ஆசையோடு வந்த ஒரு பிள்ளையின் பயணத்தை முதல்நாளிலேயே முடித்துவிடக்கூடியது.

ஆகவே என் பரிந்துரை ஓகஸ்ட் மாதத்தின் கடைசிப் பத்து நாட்கள். அப்போது ஏரிகளின் மேல்நீர் 20 பாகையை ஒட்டி இருக்கும். பூச்சிகள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பகலில் மெல்லிய சட்டையே போதும். இரவில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கலாம், அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். இழப்பது ஒன்றே: ட்ரவுட் மீன்கள் அக்காலத்தில் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் என்ன, அப்போது ஸ்மோல்மவுத் பாஸ் என்னும் மீன் கிடைக்கிறது. அது தூண்டிலில் ட்ரவுட்டைவிடக் கூடுதலாகவே சண்டை பிடிக்கும்.

விசாவும் முன்பதிவும்

இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு வருகையாளர் விசா தேவை. விண்ணப்பக் கட்டணம் 100 கனேடிய டொலர். கைரேகை, நிழற்படப் பதிவுக்கு மேலும் 85 டொலர். முடிவு வர எவ்வளவு காலம் எடுக்கும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறுவதால், ஓகஸ்ட் பயணத்துக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. விசா கைக்கு வருமுன் விமானச்சீட்டை வாங்க வேண்டாம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது, வள்ளப் பயணம், முகாம் ஆகியவற்றின்போது ஏற்படும் விபத்துகளையும் மீட்புச் செலவையும் அது உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கனடாவில் வருகையாளருக்கு மருத்துவமனைச் செலவு கைக்கடங்காதது.

காட்டின் உட்பகுதியில் தங்குவதற்கு ஒவ்வோர் இரவுக்கும் எந்த ஏரி என்று குறிப்பிட்டு முன்பதிவு செய்ய வேண்டும். பதிவு, செல்லும் நாளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன் காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. மார்ச் இறுதியில் அது கொழும்பில் மாலை நாலரை மணி. வேலையிலிருந்து வீடு திரும்பும் நேரத்தில் பஸ்ஸில் இருந்தபடி செய்யக்கூடிய காரியம் இது அன்று, ஏனெனில் நெடுஞ்சாலைக்கு அண்மித்த ஏரிகள் விரைவில் நிரம்பிவிடும். ஸ்காபரோ உறவினர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்து, முதற்தெரிவு, இரண்டாம் தெரிவு, மூன்றாம் தெரிவு என மூன்று ஏரிகளின் பெயரை முன்னரே எழுதி அனுப்பிவிடுங்கள். நீங்கள் பதிவு செய்வது ஏரியை மட்டுமே. அந்த ஏரியில் உள்ள முகாமிடங்களில் வெறுமையாக இருப்பதை முதலில் சென்றவர் எடுத்துக்கொள்ளலாம். கரையோர மரத்தில் செம்மஞ்சள் அடையாளப் பலகை உள்ள இடமே முகாமிடம். ஓரிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்க அனுமதி இல்லை என்பதை, 'எல்லாரும் சேர்ந்து போவோம்' என்று கிளம்பும் பெருங்குடும்பங்கள் ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும்.

பாதையும் கணக்கும்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் பல இடங்களில் நீர்வழி இராது. வள்ளத்தையும் மூட்டைகளையும் காட்டுப் பாதையில் தூக்கிச் செல்ல வேண்டும். அப்பாதைகள் மஞ்சள் பலகையால் குறிக்கப்பட்டு, அவற்றின் நீளம் மீற்றரில் எழுதப்பட்டிருக்கும். வரைபடத்தில் 295 என்று காண்பவர், அது மூன்று நிமிட நடை என்று எண்ணுகிறார். உண்மையில் புதியவர் எவரும் எல்லாப் பொருளையும் ஒரே தடவையில் கொண்டுபோவதில்லை. ஒருமுறை சுமையுடன் போய், வெறுங்கையுடன் திரும்பி, மீண்டும் சுமையுடன் போக வேண்டும். ஆகவே 295 மீற்றர் 885 மீற்றர் ஆகிறது. ஒரு நாளில் தூக்கும் பாதைகள் மொத்தம் 1,500 மீற்றர் என்றால் நடப்பது நாலரைக் கிலோமீற்றர். அதில் மூன்று கிலோமீற்றர் சுமையோடு, வேர்களும் கற்களும் சேறும் நிறைந்த தரையில். வரைபடத்தில் உள்ள எண்ணை மூன்றால் பெருக்காமல் எந்தத் திட்டத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

துடுப்பு வலித்தலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழகியவர்கள் அமைதியான நீரில் மணிக்கு நான்கைந்து கிலோமீற்றர் செல்வார்கள். புதியவர்களுக்கு மூன்று என்று கொள்ளுங்கள். எதிர்க்காற்று என்றால் அதுவும் இல்லை. பிற்பகலில் காற்று வலுப்பது வழக்கமாதலால், பெரிய ஏரியைக் கடக்க வேண்டியிருந்தால் காலையிலேயே கடந்துவிட வேண்டும். பூங்காவின் மிகப் பெரிய ஏரியான ஒப்பியோங்கோ இவ்விடயத்தில் பெயர்பெற்றது. முதற்பயணத்தில் அதை விட்டுவிடுவதே மேல்.

நான் தெரிவு செய்யச் சொல்வது கனூ ஏரி நுழைமுகம். கனடிய ஓவியர் டொம் தொம்சன் 1917 ஜூலையில் உயிரிழந்த ஏரி அது. அவர் வரைந்த மரங்களையும் பாறைகளையும் ஒத்தவற்றைக் கரையெங்கும் காணலாம். ஏரியின் வடகோடிவரை கரையை ஒட்டியே வலித்துச் சென்று, சிறிய அணை ஒன்றின் பக்கமாக 295 மீற்றர் தூக்கிக் கடந்தால் ஜோ ஏரி வந்துவிடும். அங்கிருந்து டீப்பி ஏரிக்குத் தூக்காமலே செல்லலாம். அந்த இரண்டில் ஒன்றில் மூன்று இரவுகளையும் கழித்து, பகலில் வெறும் வள்ளத்துடன் மீன்பிடிக்கச் சுற்றி வருவது முதற்பயணத்துக்குப் போதுமான திட்டம். நாளுக்கொரு ஏரியாக வட்டமடித்து வரும் பாதைகள் கேட்பதற்குக் கவர்ச்சியானவை. ஆனால் அப்படிப் போவோர் பிரிப்பதிலும் கட்டுவதிலும் தூக்குவதிலும் நாளைச் செலவிடுகிறார்கள். தூண்டில் பையை விட்டு வெளியே வருவதே இல்லை. குழுவிலேயே மெதுவானவர் யாரோ, அவருடைய வேகத்துக்கே திட்டம் எழுதப்பட வேண்டும். அது பெரும்பாலும் பெறாமகனின் வேகமாக இராது.

கொழும்பிலேயே பழகுதல்

பயணத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன் பழக்கத்தைத் தொடங்குங்கள். பொல்கொட ஏரிக்கரையில் வள்ளங்களும் கயாக்குகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. சில ஞாயிறு காலைகளில் இருவராக வலித்துப் பழகினால், முன்னால் இருப்பவர் வேகத்தைத் தருகிறார், பின்னால் இருப்பவர் திசையைத் தருகிறார் என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். ஒரே பக்கமாக வலிக்கும்போது வள்ளம் மறுபக்கம் திரும்பும். வலிப்பின் முடிவில் துடுப்பின் தட்டை வெளிப்புறமாகச் சற்றுத் தள்ளித் திசையை நேராக்கும் முறையைப் பின்னால் இருப்பவர் கட்டாயம் கற்க வேண்டும். முழந்தாளிட்டு அமர்ந்தால் வள்ளம் ஆடாது என்பதையும் அங்கேயே உணர்ந்துகொள்ளலாம். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதையும், உயிர்காப்பு அங்கியுடன் மிதப்பதையும் மட்டும் நீச்சல் தடாகத்தில் பழகுங்கள். பொல்கொடவில் முதலை உண்டு.

தோளுக்கும் பயிற்சி வேண்டும். பதினைந்து கிலோ எடையுள்ள முதுகுப் பையுடன் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பின் படிகளில் ஏறி இறங்குவது, மெரைன் டிரைவில் வெறுங்கையுடன் நடப்பதைவிடப் பத்து மடங்கு பயன் தரும். அயலவர்கள் வியப்புடன் பார்ப்பார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வள்ளமும் உடையும்

வள்ளம், துடுப்பு, உயிர்காப்பு அங்கி, கூடாரம், தூங்கும் பை ஆகியவற்றை நுழைமுகத்துக்கு அருகிலேயே வாடகைக்குப் பெறலாம். நான்கு பேருக்கு இரண்டு வள்ளங்கள் வேண்டும். பதினேழு அடி நீளமான, கெவ்லார் என்னும் இலேசான செயற்கை இழையால் ஆன வள்ளத்தின் எடை ஏறத்தாழ 20 கிலோ. அலுமினிய வள்ளம் 30 கிலோவுக்கு மேல். நாள்வாடகையில் சிறிது கூடுதலாகக் கொடுத்தாலும் கெவ்லாரையே எடுங்கள், ஆனால் அதைக் கல்லில் ஏற்றிவிடாமல் முழங்கால் ஆழ நீரிலேயே இறங்கி ஏறப் பழகுங்கள். கனடியச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கியும், ஊதலும், மிதக்கும் 15 மீற்றர் எறிகயிறும், நீரை இறைக்கும் கலனும் வள்ளத்தில் இருக்க வேண்டும். அங்கி இருந்தாற் போதும், அணிய வேண்டியதில்லை என்று சட்டம் இடங்கொடுத்தாலும், நீங்கள் அணிந்தே இருங்கள். விழுந்தபின் குளிர்நீரில் அதை அணிய முயன்றால் மேலே சொன்ன பத்து நிமிடங்களும் அதிலேயே கழிந்துவிடும்.

உடை விடயத்தில் ஒரேயொரு விதி: பருத்தி வேண்டாம். டெனிம் காற்சட்டையும் பருத்தி பெனியனும் நனைந்தால் காயாது, உடம்பின் வெப்பத்தையும் உறிஞ்சிவிடும். ஏற்றுமதிக்குத் தைக்கப்பட்டு எஞ்சிய செயற்கை இழைச் சட்டைகளும் ஃபிளீஸ் மேலுடைகளும் கொழும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ரொறன்ரோ விலையைக் கேட்டபின் வருந்துவதைவிட இங்கேயே வாங்கிக்கொள்வது புத்தி. ஒருவருக்கு நனையும் உடை ஒன்று, நனையவே விடாத உடை ஒன்று என இரண்டு தொகுதி போதும். இரண்டாவதை நீர்புகாப் பையில் கட்டி, கூடாரத்துக்குள் மட்டுமே அணிய வேண்டும். மழையங்கி, கம்பளிக் காலுறை, தலையில் கட்டும் டோர்ச் லைட், தொப்பி. இதற்கு மேல் எடுத்துச் செல்லும் ஒவ்வோர் உடையையும் நீங்களே தோளில் தூக்குவீர்கள்.

உணவு

கொழும்பு மக்களின் சுற்றுலா உணவுப் பொதியில் டின் மீன் இல்லாமல் இராது. அல்கொன்குயினின் உட்பகுதிக்குள் அதைக் கொண்டுபோகவே முடியாது. தகர டின்களுக்கும் கண்ணாடிப் போத்தல்களுக்கும் அங்கே தடை. மருந்து, எரிபொருள், பூச்சி விரட்டி போன்றவற்றின் கலன்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரித்து, நேரத்துக்கு ஒன்றாகப் பொலித்தீன் பைகளில் பொதி செய்து, பையின் மேல் நாளையும் வேளையையும் எழுதிவிடுங்கள்.

நம்முடைய சமையலறை இந்தப் பயணத்துக்கு ஆச்சரியப்படத்தக்க அளவில் பொருத்தமானது. வறுத்த அரிசிமா, சோயா மீற், மைசூர்ப் பருப்பு, தேங்காய்ப்பால் மா, ரவை, வறுத்த மிளகாய்த்தூள், கறிவேப்பிலைப் பொடி ஆகியன எடை குறைந்தவை, கெடாதவை. பருப்பும் சோறும் என்றால் பச்சரிசி கொண்டுபோங்கள். சிவப்புப் புழுங்கலரிசி வேகும் நேரத்துக்கு எரிபொருள் கட்டுபடியாகாது. புட்டுக்குழலைக் காட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை, ரவை உப்புமா போதும். இவை அனைத்தும் ஸ்காபரோ தமிழ்க் கடைகளில் கிடைப்பதால் கொழும்பிலிருந்து பெட்டியில் நிரப்பிச் சென்று சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க அவசியமில்லை. கொண்டுசெல்வதானால் எந்த உணவுப் பொருளையும் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள்.

நெத்தலிக் கருவாட்டையும் மாசிச் சம்பலையும் மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கே மனமில்லை. ஆனால் கருங்கரடியின் மோப்பம் நம்முடைய கற்பனைக்கு எட்டாதது. கரடியைப் பற்றிய திட்டம் இவ்வளவுதான்: உணவு, பற்பசை, சவர்க்காரம், மீன் நாற்றம் உள்ள துணி என மணக்கும் பொருள் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. அவை அனைத்தையும் இறுக மூடும் பிளாஸ்ரிக் பீப்பாயிலோ பையிலோ இட்டு, கூடாரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து நான்கு மீற்றர் உயரத்தில், மரத்தண்டை விட்டு விலகித் தொங்கும்படி கயிற்றால் ஏற்ற வேண்டும். இருட்டுமுன் செய்ய வேண்டிய வேலை இது. ஓகஸ்ட் இறுதியில் அங்கே சூரியன் மறைய மாலை எட்டு மணியாகும். ஆறரை மணிக்கே இருட்டிவிடும் ஊரிலிருந்து போகிறவர்கள் அந்த நீண்ட மாலையை நம்பி எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு, கடைசியில் கயிற்றை டோர்ச் வெளிச்சத்தில் எறிந்துகொண்டிருப்பார்கள். நான்கு மணிக்குள் கூடாரம் அடித்துவிட வேண்டும் என்று விதித்துக்கொள்ளுங்கள்.

ஏரிநீர் தெளிவாகவே இருக்கும். அதற்காக அதை அப்படியே குடித்துவிடக் கூடாது. ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி அதில் இருக்கலாம். ஒரு நிமிடம் நன்கு கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடியுங்கள். கொதித்தாறிய நீருக்கு நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அடுப்புக்கான எரிவாயுக் கலனை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேயே வாங்குங்கள். முகாமிடத்தில் தீக்குழி உண்டு; ஆனால் வறட்சிக் காலத்தில் தீ மூட்டத் தடை விதிக்கப்படலாம் என்பதால் சமையலை விறகை நம்பித் திட்டமிடக் கூடாது.

மீன்பிடி

பிடிக்கப்போகும் மீனை ஒருபோதும் உணவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று நாளுக்கும் முழு உணவு பையில் இருக்க வேண்டும். மீன் கிடைத்தால் அது மேலதிகம்.

கனடாவில் வசிக்காத, 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஒன்ராறியோவின் அவுட்டோர்ஸ் கார்ட் என்னும் அடையாள அட்டையையும் மீன்பிடி அனுமதிப்பத்திரத்தையும் பெற வேண்டும். உறவினரின் பத்திரத்தில் நீங்கள் பிடிக்க முடியாது. அனுமதிப்பத்திரம் இரண்டு வகை: கட்டணம் குறைந்த காப்பு வகையில் வைத்துக்கொள்ளக்கூடிய மீனின் எண்ணிக்கை குறைவு. அப்பகுதியில் பாஸ் மீன் நாளொன்றுக்கு முழுப் பத்திரத்துக்கு ஆறு, காப்புப் பத்திரத்துக்கு இரண்டு. இரண்டு பாஸ் நான்கு பேரின் ஒருவேளைக் கறிக்குப் போதும்; ஆகவே மலிவானதே போதும். ட்ரவுட் பருவம் செப்டம்பர் 30உடன் முடிகிறது, பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில் தொடங்குகிறது. விதிகள் ஆண்டுதோறும் வெளியிடப்படுவதால் அவ்வாண்டின் கையேட்டைப் பதிவிறக்கி வைத்திருங்கள்.

உயிருள்ள சிறுமீனை இரையாகப் பயன்படுத்துவதற்கும், வைத்திருப்பதற்குமே அங்கே தடை. வேறு நீர்நிலையிலிருந்து வந்த மீன் தப்பி ஏரியில் பெருகினால், அங்கே இயல்பாக வாழும் புரூக் ட்ரவுட்டின் இரையை அது பறித்துவிடும். நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ட்ரவுட்டை ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட கதையை அறிந்த நமக்கு, மனிதர் கையால் இடம்மாறிய மீன் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது புதிதன்று. மண்புழுவோ செயற்கை இரையோ போதும்.

ஆறரை அடி நீளமுள்ள, துண்டு துண்டாகப் பிரிக்கக்கூடிய இலகுவான தூண்டில் தடி ஒன்று, நடுத்தர ஸ்பின்னிங் ரீல் ஒன்று, மூன்று நான்கு கிலோ தாங்கும் தங்கூசி ஒரு சுருள், மூன்று முதல் ஏழு கிராம் எடையுள்ள தலையில் எடை பொருத்திய ஜிக் என்னும் தூண்டில்கள் சில, மென்பிளாஸ்ரிக் இரைகள், நீர்மேல் மிதக்கும் இரை இரண்டு. இவ்வளவே. ஈயக் குண்டுகளை விட்டுவிட்டு வெள்ளீயம் அல்லது உருக்கினால் ஆனவற்றை வாங்குங்கள். அறுந்து விழும் ஈயத்தை விழுங்கி லூன் என்னும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன. இரவில் ஏரியின் குறுக்கே நீண்டு ஒலிக்கும் குரல் அந்தப் பறவையுடையது. முதன்முறை கேட்பவர் ஓநாய் என்று எழுந்து உட்காருவார்.

ஸ்மோல்மவுத் பாஸ் பாறை முனைகளிலும், நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரங்களின் அருகிலும், ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்புகளிலும் நிற்கும். அதிகாலையும் மாலையும் உகந்த நேரங்கள். ஜிக்கைப் பாறை விளிம்பில் விழவிட்டு, அடியைத் தொட்டதும் மெல்லத் தூக்கித் தூக்கி விடுங்கள். அது விழும் கணத்தில்தான் மீன் கவ்வும், ஆகவே அப்போது தங்கூசி தளர்ந்து கிடக்கக் கூடாது. மாலையில் நீர் கண்ணாடியாக அடங்கியபின் மிதக்கும் இரையை எறிந்து, வளையங்கள் மறையும்வரை அசைக்காமல் காத்திருந்து, பின் ஒருமுறை மட்டும் சுண்டுங்கள். பொறுமையில்லாதவருக்கு இந்த முறை பலிக்காது. ட்ரவுட்டைத்தான் பிடிப்பேன் என்பவர் ஓகஸ்டில் 15 மீற்றருக்கும் கீழே, ஏறத்தாழ 10 பாகை வெப்பமுள்ள நீர்ப்படையைத் தேட வேண்டியிருக்கும். அது அடுத்த பயணத்துக்கான பாடம்.

வள்ளத்தில் இருந்து பிடிக்கும்போது ஒருவர் எறிய, மற்றவர் துடுப்பில் கைவைத்து வள்ளத்தை நிலைநிறுத்த வேண்டும். எழுந்து நிற்கவே கூடாது. பக்கவாட்டில் வீசாமல் தலைக்கு மேலாக மட்டும் எறியுங்கள், ஏனெனில் பக்கவாட்டு வீச்சின் பாதையில் கூட்டாளியின் காது இருக்கிறது. ஒவ்வொரு தூண்டிலின் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிட்டால், மீனை விடுவிப்பதும் எளிது, விரலில் ஏறினால் எடுப்பதும் எளிது. நடுத்தர அளவுள்ள மீனை வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுங்கள். பெரிய மீனில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் எந்த ஏரி மீனை எவ்வளவு உண்ணலாம் என்று மாகாண அரசின் வழிகாட்டி கூறுகிறது. மீனைக் கூடாரத்தருகே வெட்ட வேண்டாம், கழிவை எங்கே இடுவது என்று நுழைமுக அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் விட்டுச்செல்ல வேண்டிய தாள்

நீர்ப்புகா வரைபடமும் திசைகாட்டியும் ஒவ்வொரு வள்ளத்திலும் ஒன்று வேண்டும். தொலைபேசி இயங்காத இடத்தில் அவசர உதவி கோருவதற்குச் செய்மதித் தொடர்புக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். குழுவில் குறைந்தது இருவருக்கு அதை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாள்தோறும் எடுக்கும் மருந்துகளை இரண்டாகப் பிரித்து இரண்டு வள்ளங்களில் வையுங்கள். இடி கேட்டால் உடனே கரையேறிவிடுங்கள்.

பின்னர் ஒரு தாளில் நுழைமுகத்தின் பெயர், காரின் இலக்கம், ஒவ்வோர் இரவும் தங்கும் ஏரி, வள்ளங்களின் நிறம், ஆட்களின் பெயர், வயது, நோய்கள், கரைக்குத் திரும்பும் நாளும் நேரமும், எத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸை அழைப்பது ஆகிய அனைத்தையும் எழுதி, ஸ்காபரோவில் வீட்டிலேயே இருக்கப்போகும் ஒருவரிடம் கொடுங்கள். அந்த 'எத்தனை மணி' திரும்பும் நேரத்துக்குச் சில மணிகள் பின்தள்ளியே இருக்கட்டும். எதிர்க்காற்றுக்காகக் கரையில் காத்திருப்பதே சரியான முடிவாக இருக்கும் நாட்கள் உண்டு, அந்நாட்களில் நேரத்துக்குப் பயந்து எவரும் ஏரியைக் கடக்கத் துணியக் கூடாது. கொழும்பில் இருக்கும் அம்மாவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஆனால் நேரங்களைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றி எழுதி அனுப்புங்கள். கோடையில் இரண்டுக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். மாலை ஆறு மணிக்குக் கரையேறி அழைப்போம் என்றால் அவருக்கு அது மறுநாள் அதிகாலை மூன்றரை மணி.